கூட்டு உறுதிப்பாடு (செயற்கை முகவர்கள்)

தாமாக முடிவெடுத்து இயங்கும் மென்பொருளும் ரோபோவும் செயற்கை நுண்ணறிவுத் துறையில் முகவர் எனப்படும். பல முகவர்கள் சேர்ந்து ஒரு காரியத்தை ஏற்றால், அதை எதுவரை பற்றி நிற்க வேண்டும், எப்போது கைவிடலாம் என்று வரையறுப்பது கூட்டு உறுதிப்பாட்டுக் கோட்பாடு.

இதன் வேர் தத்துவத்தில் உள்ளது. ஒன்றைச் செய்வதென்ற எண்ணம் வெறும் ஆசையன்று, அடுத்தடுத்த சிந்தனையைக் கட்டுப்படுத்துவது என்று மைக்கேல் பிராட்மன் 1987இல் வெளியான நூலில் வாதிட்டார். அக்கருத்தைப் பிலிப் கோகனும் ஹெக்டர் லெவெக்கும் 1990இல் தருக்க வாய்பாடுகளாக எழுதினர். 1991இல் அதைக் குழுவுக்கும் விரித்தனர்.

அந்த விரிவாக்கமே இக்கோட்பாட்டின் உயிர். இலக்கு நிறைவேறிவிட்டது, இனி நிறைவேறாது, அல்லது தேவையில்லை என்று தெரிந்தால் தனி முகவர் விலகிக்கொள்ளலாம். குழுவில் அது போதாது: அறிந்தவர் மற்றவர்க்கும் அதை அறிவித்தாக வேண்டும். ஒரே சாலையில் ஒரே திசையில் ஓடும் இரண்டு கார்கள் சேர்ந்து போகின்றன என்று சொல்ல முடியாது. வழி தெரிந்தவர் முன்னே செல்ல, தெரியாதவர் பின்தொடர ஒப்புக்கொண்டால்தான் அது கூட்டுப் பயணம். அப்போது ஒருவர் சொல்லாமல் பிரிந்துபோக இடமில்லை.

இக்கடமை விடுபட்டால் என்ன ஆகும் என்பதை மிலிந்த் தாம்பேயின் ஆய்வு காட்டியது. கணினிப் போர்ப் பயிற்சியில் அவரது ஹெலிகாப்டர் முகவர்கள் முன்கூட்டியே எழுதிய ஒருங்கிணைப்பு விதிகளை மட்டும் நம்பியிருந்தன. வேவு பார்க்கச் சென்ற ஹெலிகாப்டர் குன்றில் மோதி விழுந்தது. செய்தி வராததால் மற்றவை முடிவின்றிக் காத்திருந்தன. ஒவ்வொரு தவறுக்கும் புது விதி எழுதுவது தீராத வேலை. எனவே அவர் 1997இல் விவரித்த ‘ஸ்டீம்’ என்னும் அமைப்பு, கூட்டு உறுதிப்பாட்டைப் பொதுவிதியாக முகவர்களுக்குள்ளேயே வைத்தது.

எல்லாவற்றையும் அறிவிப்பதற்கும் விலை உண்டு. எவ்வளவு அறிவித்தாலும், செய்தி தொலையக்கூடிய தடத்தில் முழுமையான பொது அறிவை (எல்லோருக்கும் தெரியும், அப்படித் தெரியும் என்பதும் எல்லோருக்கும் தெரியும் என்று தொடரும் நிலையை) எட்டவே முடியாது என்று ஜோசப் ஹால்பர்னும் யோரம் மோசஸும் நிறுவியுள்ளனர். ஸ்டீம் அதனால் அறிவிப்பின் செலவையும் மௌனத்தால் வரும் இழப்பையும் எடைபோட்டே பேசும்.

பிடிவாதத்துக்கும் அளவு வேண்டும். டேவிட் கின்னி, மைக்கேல் ஜார்ஜெஃப் ஆகியோரின் 1991 சோதனைகளில், மெதுவாக மாறும் சூழலில் திட்டத்தை விடாப்பிடியாகத் தொடர்ந்த முகவர்கள் சிறந்தன. விரைவாக மாறும் சூழலில் அடிக்கடி மறுபரிசீலனை செய்தவை முந்தின.

போர்ப் பயிற்சிக்கென எழுந்த ஸ்டீம், பின்னர் ரோபோகப் போட்டியின் கணினிக் கால்பந்து அணிக்கும் பயன்பட்டது.