வாய் திறக்காத வள்ளி

வள்ளி திருமணத்தைப் பேச்சே இல்லாமல் படமாக எடுத்திருக்கிறார்கள். 1921-இல் விட்டேக்கர் என்பவர் எடுத்த மௌனப் படம். நன்றாக ஓடவும் செய்தது. திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியப் பெட்டி வாசித்தே வயதான எனக்கு இது லேசில் செரிக்கிற சங்கதியாக இல்லை. வள்ளிக்கும் வேடனுக்கும் நடக்கிற தர்க்கத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? ஒரு பரண், ஒரு கவண், கொஞ்சம் தினை.

ஆனால் கதையின் முடிச்சு பேச்சில் இல்லை, உறவில் இருக்கிறது. புராணப்படி வள்ளியும் தெய்வானையும் முற்பிறப்பில் திருமாலின் மகள்கள். முருகனுக்கு இரண்டு பேருமே மாமன் மகள்கள், முறைப்பெண்கள். ஒருத்தியைத் திருப்பரங்குன்றத்தில் ஊரறியக் கட்டியாயிற்று. மற்றவளைத் தேடித் தினைப்புனத்துக்கு வேடன் வேஷத்தில் வருகிறார். அங்கே வள்ளியை வளர்த்த அப்பா நம்பிராஜன் வேடர் பரிவாரத்தோடு வந்து சேர, மாப்பிள்ளை வேங்கை மரமாகி நிற்கிறார். அப்புறம் கிழவனாக வந்து தேனும் தினைமாவும் வாங்கித் தின்று, விக்கலுக்குத் தண்ணீர் கேட்கிறார். எதுவும் பலிக்காமல் கடைசியில் அண்ணனைக் கூப்பிடுகிறார். ஞானப்பழத்தை அண்ணன் தட்டிக்கொண்டு போய்விட்டார் என்று கோபித்து வந்து நின்ற மலை, இங்கிருந்து மேற்கே இருக்கிற பழனி. அந்த அண்ணனிடமே, யானையாக வந்து அவளைப் பயமுறுத்தும்படி கெஞ்ச வேண்டியிருக்கிறது! இந்த இடத்தில் பபூன் குறுக்கே புகுந்து, “பழத்துக்குக் கணக்குத் தீர்த்துட்டுக் கூப்பிடுப்பா” என்று ஒரு வார்த்தை போட்டால் போதும். பழனிக்குப் பாதயாத்திரை போய்ப் பழகிய எங்கள் ஜனம் அடங்கக் கொஞ்ச நேரமாகும்.

கல்யாணத்தோடு சண்டை தீர்ந்தபாடில்லை. வள்ளியும் தெய்வானையும் ஒருத்தியை ஒருத்தி வாரித் தூற்றுகிற ஏசல் பாட்டு தனி வகையாகவே இருக்கிறது. சக்களத்திச் சண்டையைச் சாமி பெயரில் பாடினால் யாரும் தப்பு சொல்வதில்லை.

எங்கள் மேடைக்குப் பாடம் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். மதுரையில் 1918-இல் பாலர் சபா தொடங்கியவர். அந்த மௌனப் படம் வந்த மறு வருஷம், 1922 நவம்பரில், புதுச்சேரியில் காலமானார். ஸ்பெஷல் நாடகத்தில் அவர் பாடம் வெறும் எலும்புக்கூடுதான். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது. ராத்திரி மேடையில்தான் முகம் பார்ப்பார்கள். அதனால் காதல் தர்க்கம் நிஜப் போட்டியாகிவிடும். ஒருவர் நாலரைக் கட்டையில் நிற்பார், எதிராளி அதற்கு மேலே ஏற்றிப் பிடிப்பார். நடுவில் பெட்டிக்காரன் பாடு திண்டாட்டம்.

இந்தப் போட்டி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கொழும்பு சாட்சி. கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாளும் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவும் 1926-இல் அங்கே ஜோடி சேர்ந்தார்கள். கிட்டப்பா ஏற்கெனவே கல்யாணமானவர். அது தெரிந்தும் சுந்தராம்பாள் அவரைக் கைப்பிடித்தார். 1933 டிசம்பரில் கிட்டப்பா போனபின் வெள்ளைச் சேலைக்கு மாறி, 1980-இல் சாகும்வரை அதிலேயே இருந்தார். அந்த அம்மாள் வள்ளியாக மட்டும் நடித்தவர் இல்லை என்று எனக்குத் தோன்றும்.

மௌனப் படத்துக்கு வருகிறேன். படம் காட்டிய கொட்டகைகளில் வாசிக்கத் தெரியாதவர்களுக்காகத் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வார். வாத்தியம் வேறு உண்டு. வள்ளி கதைக்கு அவர்கூட அதிகப்படி. பாட்டெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிற கூட்டத்துக்கு வள்ளியின் உதடு அசைந்தால் போதாதா? உருமாற்றத்திலோ கேமராவோடு நாங்கள் மோதவே முடியாது. எங்கள் மேடையில் வேங்கை மரம் என்றால் ராஜபார்ட் கையில் ஒரு வேப்பங்கொப்பு. கொசு கடித்தால் மரம் சொறிந்துகொள்ளும். கேமராவை நிறுத்தி, ஆள் நின்ற இடத்தில் மரத்தை வைத்துத் திரும்பச் சுற்றினால் வேலை முடிந்தது. தென்னாட்டு மௌனப் படங்களில் ‘மார்த்தாண்ட வர்மா’ போலத் தப்பியவை சொற்பம். மற்றவை அழிந்தே போயின.

வள்ளி திரையில் வாய் திறந்தது 1933-இல். டி. பி. ராஜலட்சுமி வள்ளி. தயாரித்தவர்களில் ஒருவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்து, 1905-இல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவி வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டு ஊமைப் படம் காட்டியவர். அவரே கல்கத்தாக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து வள்ளியைப் பேசவைத்தார். சென்னையில் பேசும்பட ஸ்டுடியோ வந்தது 1934-இல்தான்.

படத்தில் பேச்சு வந்ததும் கேள்வியும் பதிலும் இறுகிப்போயின. எங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. வேடசந்தூரில் ஸ்திரீபார்ட் மடக்கிவிட்ட கேள்விக்கு, பத்து நாள் கழித்து நத்தத்தில் ராஜபார்ட் பதிலோடு வந்து இறங்குவார்.