எலெக்ட்ரிகல் படிச்சவர் எடுத்த 'பவர் கட்'

2012 அக்டோபரை மறந்துட முடியுமா? சென்னையில ஒண்ணு ரெண்டு மணி நேரம்தான் மின்வெட்டு. செங்கல்பட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தா நிலைமையே வேற. ஒலக்கூர்ல, திண்டிவனத்துலல்லாம் நாளுக்குப் பத்துப் பன்னெண்டு மணி நேரம் கரண்ட் இருக்காது. நான் அப்போ பள்ளிக்கூடப் பையன். பரீட்சைக்குப் படிச்சது பாதி எமர்ஜென்சி லைட் வெளிச்சத்துலதான்.

அதே மாசம் பஞ்சாப்ல ஒரு படம் ரிலீசுக்கு ரெடியா இருந்துச்சு. பேரே 'பவர் கட்'. எடுத்தவர் ஜஸ்பால் பட்டி. படம் வர வேண்டிய நாள் அக்டோபர் 26. விளம்பரத்துக்காக ஊர் ஊராச் சுத்திக்கிட்டிருந்தவர், 25ஆம் தேதி விடியக்காலையில ஜலந்தர் பக்கம் ஷாகோட்டுல நடந்த கார் விபத்துல இறந்துட்டார். வயசு 57.

நம்ம பக்கம் இவரைத் தெரிஞ்சவங்க கம்மி. தூர்தர்ஷன் காலத்துல இந்தி நிகழ்ச்சி ஆரம்பிச்சா நம்ம வீடுகள்ல டிவியை அணைச்சுட்டு சாப்பிடப் போயிடுவாங்க. அதுல தவறவிட்டதுல முக்கியமான ஆள் இவர்.

1955ல அமிர்தசரஸ்ல பிறந்து, சண்டிகர் பஞ்சாப் இன்ஜினியரிங் காலேஜ்ல எலெக்ட்ரிகல் படிச்சவர். (இன்ஜினியரிங் முடிச்சுட்டு வேற வேலை பாக்குற வழக்கம் நம்ம தலைமுறை கண்டுபிடிச்சது இல்லைங்க :-) ) 'நான்சென்ஸ் கிளப்'னு ஒண்ணு ஆரம்பிச்சு, ஊழலைக் கிண்டலடிச்சு தெரு நாடகம் போட்டார். அப்புறம் சண்டிகர்ல 'டிரிப்யூன்' பத்திரிகைக்கு கார்ட்டூன் வரைஞ்சார்.

எண்பதுகளோட கடைசியில தூர்தர்ஷன் காலை ஒளிபரப்புல 'உல்டா புல்டா'ன்னு சில நிமிஷத் துணுக்கு. ரேஷன், போன் கனெக்‌ஷன், ஆபீஸ் வாசல்ல காத்துக்கிடக்குறதுன்னு சாதாரண ஜனங்க படுற பாடுதான் விஷயம். குரல உயர்த்த மாட்டார், கோணங்கி சேட்டை கிடையாது. சீரியஸா செய்தி வாசிக்கிறவர் மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு அபத்தத்தைச் சொல்லுவார். சிரிப்பு வந்ததுக்கு அப்புறம்தான் சுரீர்னு உறைக்கும்.

அந்தக் காலத்தையும் யோசிச்சுப் பாக்கணும். 1984 முடிஞ்சு சில வருஷம்தான் ஆகுது. பஞ்சாப்ல துப்பாக்கிச் சத்தம் ஓயல. தலைப்பாகையைப் பாத்தாலே சந்தேகப்படுறவங்க ஒரு பக்கம், சர்தார்ஜி ஜோக் சொல்லிச் சிரிக்கிறவங்க இன்னொரு பக்கம். அந்த நேரத்துல ஒரு சீக்கியர் டிவியில வந்து நாட்டையே பாத்து கிண்டலடிக்கிறார். எனக்கு இதுதான் அவரோட பெரிய சாதனையாப் படுது.

1989ல 'ஃப்ளாப் ஷோ'. மொத்தமே பத்து எபிசோடு. மனைவி சவிதாதான் தயாரிப்பு, நடிக்கவும் செஞ்சார். டைட்டில்ல 'டைரக்‌ஷன்'னு போடாம 'மிஸ்டைரக்‌ஷன்'னுதான் தன் பேரைப் போட்டுக்குவார். பி.எச்.டி. மாணவனை வீட்டு எடுபிடி ஆக்குற கைடு, பொய் மெடிக்கல் பில் போடுற அரசு ஊழியர், மட்டமா கட்டடம் கட்டுற கான்ட்ராக்டர்னு ஒவ்வொரு வாரமும் ஒரு கூட்டம் மாட்டும். ஒவ்வொரு எபிசோடும் அந்தந்தக் கூட்டத்துக்கே சமர்ப்பணம் வேற! இப்ப பாத்தாலும் அந்த கைடு எபிசோடு பழசாத் தெரியலை. நம்ம யுனிவர்சிட்டி பக்கம் ஆராய்ச்சி பண்ற யாரையாவது கேட்டுப் பாருங்க.

1999ல போலீஸைக் கிண்டலடிச்சு 'மாஹௌல் டீக் ஹை'ன்னு பஞ்சாபிப் படம் எடுத்தார். இந்திப் படங்கள்லயும் நடிச்சார், ஆனா அதெல்லாம் அவர் அளவுக்கு இல்ல. தெருவை மட்டும் விடவே இல்ல. 2009ல விலைவாசி ஏறினப்போ சண்டிகர்ல காய்கறி, பருப்பு, எண்ணெயெல்லாம் அடுக்கி ஒரு ஸ்டால் போட்டார். திருவிழாக் கடை மாதிரி வளையம் வீசணும், விழுந்தா பருப்பு உனக்கு!

நம்ம ஊர்ல தெருவுல மைக் நீட்டிச் சிரிக்க வச்சவர்னா ஆதித்யா டிவி 'சொல்லுங்கண்ணே சொல்லுங்க' இமான் அண்ணாச்சிதான் ஞாபகம் வருவார். அண்ணாச்சிய எனக்குப் பிடிக்கும். ஆனா அங்க சிரிப்பு, பதில் தெரியாம முழிக்கிற நம்மள மாதிரி ஆளுங்களப் பாத்து வரும். பட்டிகிட்ட சிரிப்பு, நம்மளை முழிக்க வச்சவங்களப் பாத்து வரும்.

2013ல பத்மபூஷண் குடுத்தாங்க, இறந்ததுக்கு அப்புறம். 'பவர் கட்' அவர் இறந்த மறுநாளே தியேட்டருக்கு வந்துடுச்சு. படத்துல ஹீரோ அவர் மகன் ஜஸ்ராஜ். விபத்துல சிக்கின அதே கார்ல அவரும் இருந்தார். படம் வந்த அன்னைக்கு அவர் ஆஸ்பத்திரியில.