சாணை பிடித்த தண்டும் திணித்த காற்றும்

நான்கு வீச்சு என்ஜினில் வால்வுகள் எப்போது திறந்து எப்போது மூட வேண்டும் என்பதை விதிப்பது, கிராங்க் தண்டு இருமுறை சுற்றுவதற்குள் ஒரே முறை சுற்றும் கேம்ஷாஃப்ட் என்னும் தண்டாகும். அதன்மேல் முட்டை வடிவில் எழும்பி நிற்கும் புடைப்பின் உயரம் வால்வு எவ்வளவு விலகும் என்பதையும், அகலம் அது எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதையும் முடிவு செய்கின்றன. இப்புடைப்புகளை வேறு வடிவில் சாணை பிடித்து என்ஜினின் வலுவைக் கூட்டும் தொழில், அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் 1920களில் எட் வின்ஃபீல்டு முதலியோரால் வேரூன்றியது. 1932இல் ஃபோர்டு நிறுவனம் மலிவு விலையில் வி8 என்ஜினை வெளியிட்டபின், மியூராக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் கார் ஓட்டிய இளைஞரிடையே அத்தொழில் பரவியது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் வின்ஃபீல்டின் வழியில் வந்த எட் இஸ்கெண்டேரியன் அதைப் பெருந்தொழிலாக வளர்த்தார்.

இவர்கள் பெரிதும் நம்பியது ஓவர்லாப், அதாவது வெளியேற்று வால்வு முழுதும் மூடுமுன்பே உள்ளிழு வால்வு திறந்துவிடும் சிறுபொழுது ஆகும். மிகுவேகத்தில், விரைந்து வெளியேறும் புகை தனக்குப் பின்னே புதிய கலவையை இழுத்துவரும். குறைவேகத்திலோ எரிந்த புகை உள்வழியே திரும்பிப் புகுவதால் என்ஜின் தடுமாறி அதிரும். அந்த அதிர்வொலியே தெருவில் பெருமைக்குரிய அடையாளமாயிற்று.

இந்தக் கணக்கைப் புரட்டிப்போட்டது, என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் ஊதியான சூப்பர்சார்ஜர். இண்டியானாவின் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற காற்றூதியே, 1938இல் ஜெனரல் மோட்டார்ஸ் வெளியிட்ட 71 வரிசை டீசல் என்ஜின்களில் இடம்பெற்றது. இவை தாமாக மூச்சிழுக்க இயலாத இரு வீச்சு என்ஜின்கள் என்பதால் இவற்றுக்கு ஊதி இன்றியமையாததாக இருந்தது. 6-71 என்பது 6 சிலிண்டர்களையும், ஒவ்வொன்றின் 71 கன அங்குலக் கொள்ளளவையும் குறித்தது. இவ்வரிசையின் சிறிய 3-71 ஊதியை ஃபோர்டு வி8 மேல் பூட்டிய முன்னோடிகளுள் பார்னி நவாரோ குறிப்பிடத்தக்கவர்.

காற்று உறிஞ்சப்படாமல் அழுத்தித் திணிக்கப்படும்போது, பழைய ஓவர்லாப் உதவியாக இராமல் ஓட்டையாகிவிடுகிறது: எரிய வேண்டிய கலவை, திறந்திருக்கும் வெளியேற்று வால்வு வழியே நேராக வெளியேறிவிடும். எனவே இரு புடைப்புகளின் உச்சிகளுக்கு இடையிலுள்ள கோணத்தை அகட்டி, வால்வுகள் சேர்ந்து திறந்திருக்கும் நேரத்தைக் குறைத்தார்கள். கூடுதலாக எரியும் கலவை கூடுதல் புகையைத் தருவதால், வெளியேற்று வால்வை முன்னதாகத் திறந்து நெடுநேரம் வைத்தார்கள். பந்தயத்துக்கு 106, 108 பாகை எனக் குறுகியிருந்த அக்கோணம், சூப்பர்சார்ஜர் பூட்டித் தெருவில் ஓடும் கார்களுக்குப் பெரும்பாலும் 112 முதல் 116 பாகை வரை அமைகிறது. இதனால் கார் நின்றநிலையிலும் என்ஜின் சீராக ஓடுவதோடு, பிரேக்குக்குத் துணைநிற்கும் வெற்றிடமும் குறைவதில்லை. ஊதி வேலை செய்யும் இடத்தில் தண்டு அடக்கமாக இருப்பதே தகும் என்பதே இத்தொழில் கண்டறிந்த முடிபாகும்.