பற்றாக்குறையும் தெரிவும்

பற்றாக்குறையும் தெரிவும் பொருளியலின் அடிப்படைக் கருத்துகள். மனிதத் தேவைகளுக்கு எல்லையில்லை. நிலம், உழைப்பு, மூலதனம், நேரம் ஆகியவையோ அளவானவை, மாற்றுப் பயன்கள் உள்ளவை. இந்த இடைவெளியே பற்றாக்குறை. 1932-இல் லயனல் ராபின்ஸ் பொருளியலையே இவ்வடிப்படையில் வரையறுத்தார். பற்றாக்குறை வேறு, வறுமை வேறு. செல்வ நாடுகளுக்கும் பற்றாக்குறை உண்டு.

ஒன்றைத் தெரிவு செய்யும்போது கைவிடும் அடுத்த சிறந்த பயனே வாய்ப்புச் செலவு. பணம் கைமாறாததால் இதைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கொள்கை வகுப்போர் அப்படி விடுவது பெருந்தவறு. எடுத்துக்காட்டாக, டெல்டா வயல்களுக்கு நீர் தரும் மேட்டூர் அணையில் 120 அடிவரை நீர் தேங்கும். வழக்கமாக ஜூன் 12-இல் குறுவை என்னும் குறுகிய கால நெற்பயிருக்குத் திறப்பார்கள். இருப்பு குறைந்த ஆண்டில் அப்படித் திறந்தால், அடுத்து வரும் சம்பா நெல் கதிர் பிடிக்கும் வேளையில் வாய்க்கால் வறளலாம். சம்பாவுக்கெனத் தேக்கினால் குறுவை போகும். 2012-இல் அணை செப்டம்பரில்தான் திறக்கப்பட்டது. ஆற்றுநீரை மட்டுமே நம்பிய டெல்டா உழவர்கள் அவ்வாண்டு குறுவையை இழந்தார்கள்.