மறைக்காட்டுக் கதவும் மாற்றுச் சாவியும்

ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கோடியக்கரைக் கடலில் கால் வைக்க இடம் கிடைப்பது கஷ்டம். ஆதிசேது என்று பெயர் பெற்ற அந்தக் கரையில் முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க டெல்டா முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஒரு காலத்தில் வண்டி கட்டிக்கொண்டு வந்த குடும்பங்கள் இப்போது காரில் வந்து இறங்குகின்றன. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கும்போது மடியில் செருகியிருந்த சாவி அலையோடு போய்விட்டால், கரையில் நிற்கும் கார் வெறும் இரும்புப் பெட்டி. கதவை எப்படியாவது திறந்துவிடலாம். எஞ்சினைக் கிளப்ப முடியாது.

அதன்பிறகுதான் செலவு ஆரம்பமாகிறது. வண்டியை இழுத்துச் செல்ல ஒரு லாரி வேண்டும். ஆர்.சி. புத்தகமும் அடையாளச் சான்றும் காட்டி, கம்பெனிக்கு எழுதி, சாவிக்குரிய எண்ணை வரவழைத்து, புதுச் சாவியைக் காருக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டும். சாதாரண கார் என்றாலே சில ஆயிரங்கள் போகும். சொகுசு கார் என்றால் தொகை லட்சத்தை நெருங்கும். ‘ஒரு சாவிக்கா இவ்வளவு?’ என்று கேட்காதவர் இருக்க முடியாது. நியாயமான கேள்விதான். ஆனால் திறப்பது ஏன் இவ்வளவு கடினம் என்ற கேள்விக்கு இந்தக் கரையில் வயது ஆயிரத்து முந்நூறுக்கும் மேல்.

கோடியக்கரையிலிருந்து பத்து கிலோமீட்டர் போல வடக்கே போனால் வேதாரண்யம், தேவாரம் சொல்லும் திருமறைக்காடு. அங்குள்ள சிவன் கோயிலின் நேர்வாயில் கதவு தமிழில் மிகப் புகழ்பெற்ற பூட்டிய கதவு. வேதங்களே உருவெடுத்து வந்து பூசை செய்து, போகும்போது திருக்காப்பிட்டுச் சென்றன என்பது தலபுராணம். அதற்குப் பிறகு வந்தவர்கள் யாராலும் அதைத் திறக்க முடியவில்லை. ஊர்க்காரர்கள் பக்கத்தில் வேறொரு வாயில் அமைத்து அதன் வழியே போய்வந்தார்கள். ஏழாம் நூற்றாண்டில் அப்பரும் சம்பந்தரும் சேர்ந்து அங்கே வந்தபோது, நேர்வாயில் வழியாகவே உள்ளே போக வேண்டும் என்றார் சம்பந்தர். அப்பர் பாடினார். கதவு அசையவில்லை. மேலும் மேலும் பாடினார். பதிகத்தின் பதினோராவது பாட்டில், இரக்கமில்லையா என்று இறைவனிடமே கேட்ட பிறகுதான் திறந்தது. வழிபாடு முடிந்து வெளியே வந்தபோது, கதவு அடைத்துக்கொள்ளச் சம்பந்தர் பாடினார். முதல் பாட்டிலேயே அடைத்துக்கொண்டது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இதைப் பெரியபுராணத்தில் விரித்து எழுதிய சேக்கிழார், அந்த இரவில் அப்பர் பட்ட வருத்தத்தையும் சேர்த்தே எழுதுகிறார். தான் பாடி இவ்வளவு நேரம் கழித்துத் திறந்த கதவு, சம்பந்தர் பாடியதும் உடனே அடைத்துக்கொண்டதே என்று மடத்தில் படுத்தபடி அப்பர் கலங்கினார். அடைப்பது எளிது, திறப்பது அரிது. இந்தக் கணக்கு புராணத்தில் வருவதால் அது தொழிலுக்குப் பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். பூட்டுத் தொழிலின் மொத்த வரலாறும் பதினோரு பாட்டுக்கும் ஒரு பாட்டுக்கும் இடையே உள்ள அந்த வித்தியாசத்தில்தான் நடந்திருக்கிறது. நேர்வாயில் திறக்காதபோது ஊரார் பக்கவாயில் அமைத்துக்கொண்டதும் அப்படியே. இன்றைக்குக் கார்க் கதவில் ஆப்பு வைத்து, இடுக்கில் கம்பி விட்டுத் திறக்கிறவர் செய்வதும் பக்கவாயில் வேலைதான்.

சாவி என்கிற சொல்லும் இந்தக் கடற்கரையோரம் வந்த சொல். போர்த்துக்கீசியர் சாவிக்குச் சொல்லும் ‘சாவே’ தமிழில் சாவி ஆனது. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து 1658-ல் டச்சுக்காரரிடம் இழக்கும்வரை நாகப்பட்டினம் அவர்கள் கையில் இருந்தது. அலமாரி, மேசை, ஜன்னல் என்று அவர்கள் விட்டுப்போன சொற்களைச் சாவியோடு சேர்த்து வைத்துப் பார்த்தால், சாமான்களை உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்ளும் ஒரு வீடே கண்முன் நிற்கிறது. அதற்கு முன் தமிழுக்கு இருந்தவை தாழும் திறவுகோலும். கதவின் துளை வழியே விட்டு உட்தாழை நெம்பும் நீண்ட இரும்புக் கோல்தான் அன்றைய சாவி. கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் இன்றும் சாவிக்குத் திறப்பு என்றே பெயர். பூட்டு மட்டும் வயலில் பிறந்த சொல் போலிருக்கிறது. மாட்டை நுகத்தில் பிணைப்பதும் பூட்டுவதுதான். சித்திரையில் நல்லேர் பூட்டுகிற டெல்டா விவசாயிக்கு அந்த வினை கதவைவிட ஏரோடுதான் அதிகம் பழகியது.

பூட்டை நம்புவதற்கு முன்னால் சோழநாடு ஆளை நம்பியது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நகைகள், பாத்திரங்கள், விக்கிரகங்கள் எல்லாம் எடை போட்டு எழுதப்பட்டிருக்கின்றன. அவ்வளவையும் காப்பதற்கு ராஜராஜன் செய்த ஏற்பாடும் அங்கேயே இருக்கிறது. எந்தெந்த ஊர் எத்தனை திருமெய்காப்பாளரை அனுப்ப வேண்டும், பண்டாரத்தைக் கவனிக்க யார் வர வேண்டும் என்று ஊர்ப் பெயரோடு வெட்டிவைத்தார்கள். காவலுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் அவரை அனுப்பிய ஊர் ஆண்டுக்கு 100 கலம் நெல் அளக்க வேண்டும். பாதுகாப்பின் விலையை இவ்வளவு வெளிப்படையாகக் கல்லில் எழுதி, எல்லோரும் படிக்கும்படி வைத்த காலம் அது. விலை நெல்லில் இருந்தது, பொறுப்பு ஊர் மேல் இருந்தது.

அந்தப் பழக்கம் முழுதாகப் போய்விடவில்லை. கோயில் உண்டியலில் இன்றும் ஒரு பூட்டு மட்டும் தொங்குவதில்லை. நிர்வாகத்திடம் ஒரு சாவி, அறநிலையத் துறை அதிகாரியிடம் ஒரு சாவி என்று பிரித்து வைத்து, எல்லோரும் கூடிய பிறகே முத்திரையை உடைத்துத் திறக்கிறார்கள்.

வீட்டில் அந்த அதிகாரம் ஒரே இடுப்பில் இருந்தது. டெல்டா வீடுகளில் நெல் கொட்டிவைக்கும் பத்தாயத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தடித்த பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டி, அடியில் நெல் சரிந்து விழ ஒரு சிறிய வாய், அதை மூடும் பலகைக்கு ஒரு நாதாங்கி, நாதாங்கியில் ஒரு பூட்டு. சாவி வீட்டுப் பெரியவளின் இடுப்புக் கொத்தில். மருமகள் கைக்கு அந்தக் கொத்து எப்போது மாறியது என்பதை வைத்தே குடும்பங்களில் காலத்தைக் கணக்கிட்டார்கள். கூலி நெல் அளக்கும் நாளில் அந்தச் சாவி யாருக்காகக் காத்திருக்கிறது என்பது வாசலில் நின்ற பண்ணையாட்களுக்கும் நன்றாகத் தெரியும்.

பத்தாயத்திலும் பெட்டகத்திலும் தொங்கிய பூட்டுகளில் பேர் பெற்றது திண்டுக்கல் பூட்டு. ஒன்றரை நூற்றாண்டு போலப் பழமையுள்ள தொழில். ‘வாய்க்குத் திண்டுக்கல் பூட்டு போடு’ என்று பேச்சில் நிலைக்கும் அளவுக்கு அதற்கு மரியாதை. மாங்காய் வடிவில் இருப்பதால் மாங்காய்ப் பூட்டு என்று பெயர் பெற்றதுதான் அதில் முதன்மையானது. உள்ளே இரும்புத் தகடுகளாலான நெம்புகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு நெம்பும் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு எழுந்தால்தான் தாழ் நகரும். கூடினாலும் குறைந்தாலும் நகராது. சாவியின் பல்லும் நெம்பின் வெட்டும் ஒன்றையொன்று பார்த்து, கையால் அரம் போட்டு ஆக்கப்படும். அதனால் ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராது. சாவி தொலைந்தால் பூட்டையே பட்டறைக்கு எடுத்துப்போய்ப் பிரித்து, நெம்புக்கு ஏற்பப் புதிதாக அராவ வேண்டும். அன்றும் மாற்றுச் சாவி மலிவாக வந்ததில்லை. ஆனால் கேட்ட காசு எதற்கு என்று வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். அலிகாரிலிருந்து இயந்திரத்தில் செய்த மலிவுப் பூட்டுகள் வந்து குவிந்த பிறகு அந்தப் பட்டறைகள் ஒவ்வொன்றாக அடங்கின. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அதைச் செய்யத் தெரிந்த கைகள் குறைந்துபோயிருந்தன. பெருமையோடு வருத்தமும் சேர்ந்து வந்த செய்தி அது.

திறக்க முடியாத பூட்டு என்ற பெருமை எங்கும் நெடுநாள் நிலைத்ததில்லை. 1851-ல் லண்டன் பெருங்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ், பிரிட்டனின் நம்பிக்கைக்குரிய சப் பூட்டைத் திறந்து காட்டினார். அடுத்து, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று பல ஆண்டுகளாகக் கடை ஜன்னலில் சவால் விட்டுக்கொண்டிருந்த பிராமா பூட்டை எடுத்துக்கொண்டார். ஐம்பது மணி நேரத்துக்கும் மேல், பல நாட்கள் உட்கார்ந்து திறந்தார். திறப்பதற்கு ஆகும் நேரம்தான் பூட்டின் மதிப்பு என்பது அன்று உலகுக்கே தெரிந்தது.

காருக்கு வருவோம். 1958 முதல் ஓடிய அம்பாசிடரின் சாவி ஒரு பித்தளைத் தகடு, அவ்வளவுதான். பேருந்து நிலையத்தின் பக்கத்தில் குடை விரித்து, கம்பி வளையத்தில் நூறு பிளாங்க் சாவிகளைக் கோத்துத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவரிடம் கொடுத்தால், பழையதையும் புதியதையும் ஒட்டிப் பிடித்து அரத்தால் நாலு இழுப்பு இழுப்பார். டீ குடித்து முடிப்பதற்குள் மாற்றுச் சாவி தயார். மாருதி 800 காலத்திலும் இந்த வழக்கம் தொடர்ந்தது. அந்த எளிமை திருடனுக்கும் எளிமைதான். இக்னிஷன் வயர்கள் இரண்டைச் சேர்த்துத் தொட்டுவிட்டால் சாவியே தேவையில்லை.

தொண்ணூறுகளில் ஐரோப்பாவில் கார் திருட்டு கட்டுக்கடங்காமல் போனபோது வந்ததுதான் இம்மொபிலைசர். 1998-ல் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் புதுக் கார்களுக்கு அது கட்டாயம் ஆனது. சாவியின் தலைக்குள் அரிசிமணி போல ஒரு சிப்பு. அதற்கு பேட்டரி கிடையாது. சாவித் துளையைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் வானொலி அலையாக அனுப்பும் சக்தியிலேயே சிப்பு விழித்துக்கொண்டு பதில் சொல்லும். பதில் சரியாக இருந்தால்தான் எஞ்சினின் கணினி எரிபொருளை விடும். பல் அச்சு அசலாக இருந்தாலும் சிப்பு தெரியாததாக இருந்தால் வண்டி கிளம்பாது. குடைக்காரரின் அரம் அந்த இடத்தில் தோற்றது.

இது வீண் ஜோடனை அல்ல. இம்மொபிலைசர் இல்லாமல் அமெரிக்காவில் விற்கப்பட்ட ஏராளமான கியா, ஹூண்டாய் கார்களை யூ.எஸ்.பி. கம்பியின் முனையை வைத்தே கிளப்பலாம் என்று 2021, 2022-ல் இளைஞர்கள் வீடியோ போட்டுக் காட்ட, நகரம் நகரமாகக் கார்கள் காணாமல் போயின. சிப்புக்கு ஒரு விலை உண்டு, அதைக் கொடுக்கவும் வேண்டும். ஆனால் கொடுக்கும் தொகையில் சிப்பின் விலை எவ்வளவு, அதைக் காருக்கு அறிமுகம் செய்யும் உரிமையின் விலை எவ்வளவு? வாங்குகிறவருக்கு யாரும் பிரித்துச் சொல்வதில்லை. எண் கம்பெனியின் கணினியில், கருவி கம்பெனி அங்கீகரித்த பட்டறையில். பல கார்களில் இருக்கிற இரண்டு சாவியையும் காட்டினால் உரிமையாளரே மூன்றாவதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்று தொலைந்துவிட்டால் அந்த வழி அடைபடும். இரண்டுமே தொலைந்தால் வண்டியின் நினைவையே அழித்து எழுத வேண்டிவரும், செலவு பல மடங்கு. கார் திருடு போனால் காப்பீட்டுக் கம்பெனியும் இரண்டு சாவியையும் கொண்டுவா என்றுதான் முதலில் கேட்கும்.

இந்தியாவில் இந்தக் கேள்வி ஒருமுறை விசாரணைக்கே வந்தது. உதிரி பாகங்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராமல் கார் கம்பெனிகள் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்கின்றன என்று ஒரு நுகர்வோர் கொடுத்த புகாரை இந்தியப் போட்டி ஆணையம் எடுத்துக்கொண்டது. 2014 ஆகஸ்ட் 25-ல் 14 கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கார் வாங்கும்வரைதான் பல கம்பெனிகளுக்குள் போட்டி, வாங்கிய பிறகு அந்தக் காரின் பாகங்களுக்கு அந்தக் கம்பெனி ஒன்றே சந்தை என்பது ஆணையம் கண்ட உண்மை. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின, வழக்கு நீண்டது. அதே ஆண்டு மே மாதம்தான் உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. தெருவோரத்தில் சாவி வெட்டிக்கொள்ளக்கூடிய கார் விடைபெற்ற ஆண்டும், சாவியின் உரிமை யாருக்கு என்று ஆணையம் கேட்ட ஆண்டும் ஒன்றாக அமைந்துவிட்டன. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் திறந்தது. அதில் கார்களும் உண்டு.

குடைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. சிறிய நகரங்களில்கூட லேப்டாப்பும் கேபிளும் வாங்கிவைத்து சிப்புச் சாவி ‘கோடிங்’ செய்கிறார்கள், பெரும்பாலும் கம்பெனி கேட்பதைவிடக் குறைந்த காசில். அரம் பிடித்த கையே கணினித் திரையையும் படிக்கக் கற்றுக்கொண்டது. திருடனுக்கும் உதவக்கூடிய வித்தை என்பதால் ஆர்.சி. பார்க்காமல் தொடக்கூடாது என்ற கட்டுப்பாட்டை நல்ல தொழில்காரர்கள் தாங்களாகவே வைத்திருக்கிறார்கள். அவர்களை, சாவியின் எண்ணும் கருவியும் எட்டாத தூரத்தில் நிறுத்துவதற்குப் பதிலாகப் பதிவு செய்து, பொறுப்பேற்கச் சொல்லி, தொழில் செய்யவிடலாம். திருமெய்காப்பாளனுக்கு அவன் ஊர் பொறுப்பேற்றதைப் போன்ற ஏற்பாடுதான் அது.

அதுவரை அமாவாசைக்கு வருகிறவர்கள் தங்கள் ஏற்பாட்டைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். உப்புத் தண்ணீர் பட்டால் ரிமோட்டின் உள்பலகை துருப்பிடித்துப்போகும் என்பதும் பலருக்கு அனுபவம். குடும்பமே கடலில் இறங்கும்போது முழங்கால் வலியென்று கரையிலேயே தங்கிவிடும் பாட்டியிடம் துணிமூட்டை, செருப்பு, கைப்பேசிகள் எல்லாம் வந்து சேர்கின்றன. கார்ச் சாவி அவர் மடிக்குப் போகாது. வீட்டுக் கொத்து எங்கே இருக்கிறதோ, அந்த இடுப்பிலேயே அதையும் செருகிக்கொள்கிறார்.