ஒரு சதவீதத்தின் வகுப்பறை
மீத்திறன் மாணவர்களுக்கென 1984இல் சிங்கப்பூர் தனி வகுப்புகளைத் தொடங்கியபோது அதன் கணக்கு எளிது: மனிதரைத் தவிர வேறு வளமில்லாத நாடு கூர்மையான மூளைகளை வீணடிக்கலாகாது. பின்னாளில் நிலைபெற்ற முறை இது: தொடக்கநிலை மூன்றில் ஆங்கிலம், கணிதம், பொது ஆற்றல் ஆகியவற்றில் தேர்வு, தேறிய சுமார் 1 சதவீதத்தினர் நான்காம் நிலையிலிருந்து குறிப்பிட்ட சில பள்ளிகளில் சேர்ந்து படித்தார்கள். ஆனால் 9 வயதில் இப்படியொரு தேர்வு வைத்தால் அதற்கென டியூஷனும் வரும், வந்தது. அதன்பின் அளக்கப்பட்டது பிள்ளையின் திறனா, பெற்றோரின் வசதியா என்று பிரித்தறிவது கடினம்.

சாதாரண வகுப்பில் இக்குழந்தைகள் சலித்துப்போவார்கள் என்பது ஆதரவாளர்களின் வாதம். பொய்யில்லை. ஆயினும் அது கடினமான பாடத்துக்கான நியாயமே தவிர, தனிப் பள்ளிக்கானது அல்ல. உயர்நிலைப் பள்ளிகளில் கல்வி அமைச்சின் திட்டம் 2008இல் முடிந்து, பொறுப்பு பள்ளிகளிடமே போனது, குடிமுழுகிவிடவில்லை. தொடக்கநிலையிலோ, ஏனோ, பழைய ஏற்பாடு மேலும் நீடித்தது. 2024 ஆகஸ்டில்தான் பிரதமர் லாரன்ஸ் வோங் அதன் அப்போதைய வடிவம் கைவிடப்படும் என அறிவித்தார். இனி ஒவ்வொரு தொடக்கப்பள்ளியும் தன் பிள்ளைகளைத் தானே கண்டறிந்து வளர்க்கும். மேலும் ஆழம் வேண்டுவோருக்கு அருகிலுள்ள பள்ளிகளில் பிற்பகல் வகுப்புகள். தேர்வுத்தாள் செய்த வேலையை இனி வகுப்பாசிரியரின் கண்ணும் சேர்ந்து செய்யவேண்டும். அவர்களுக்கு அந்தப் பயிற்சி தருவதுதான் செலவு பிடிக்கும் பகுதி.