வேளாண் பல்கலைக்கழக நூலகம்

பயிர், மண், நீர், பூச்சி, கால்நடை, உணவு, மனையியல் ஆகிய துறைகளில் படிப்போருக்கும் ஆராய்வோருக்கும் நூல், ஆய்விதழ், ஆய்வேடு, தரவுத்தளம் ஆகியவற்றைச் சேர்த்து வைத்து, தேடித் தந்து, பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கும் அமைப்பு. தமிழகத்தில் இதன் வரலாறு சைதாப்பேட்டையில் தொடங்கிக் கோயம்புத்தூரில் வேரூன்றியது. பின்னர் மதுரைக்கும் பிற ஊர்களுக்கும் பரவியது. மதுரை – மேலூர் சாலையில், யானைமலையை ஒட்டிய ஒத்தக்கடையில் உள்ள வேளாண்மைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் தென்மாவட்டங்களில் இந்த மரபின் முக்கியமான கிளை.

தொடக்கம்

சென்னை சைதாப்பேட்டையில் 1860களில் அரசின் வேளாண் பண்ணை உருவானது. அங்கிருந்து கிளைத்த வேளாண் கல்வி 1906இல் கோயம்புத்தூருக்கு இடம் மாறியது. 1920இல் கோவைக் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. 1940களின் நடுப்பகுதி வரை தென்னிந்தியா முழுமைக்கும் வேளாண் படிப்புக்கு அதுவே ஒரே இடம் என்பதால், ஆந்திரத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் வந்தவர்கள் கூட அங்குள்ள அலமாரிகளையே நம்பிப் படித்தார்கள்.

அந்த அலமாரிகளில் பாடநூலுக்கு நிகரான மதிப்பு அறிக்கைகளுக்கும் இருந்தது. எந்த வயலில் எந்த நெல் எத்தனை நாளில் கதிர் விட்டது, எந்த ஆண்டு எந்த நோய் தாக்கியது என்பவை பண்ணை அறிக்கைகளிலும் துறை வெளியீடுகளிலும்தான் பதிவாயின. கோவை மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து நடத்திய சங்கம் வெளியிட்ட ‘மெட்ராஸ் அக்ரிகல்சுரல் ஜர்னல்’ நூறாண்டைக் கடந்தும் தொடர்கிறது.

1921இல் கோவை நெல் ஆராய்ச்சியிலிருந்து வெளிவந்த ஜி.இ.பி. 24 என்னும் ரகத்தை எடுத்துக்கொள்வோம். உழவர்களிடம் கிச்சிலிச் சம்பா என்று பெயர் பெற்ற இந்த நெல், பிற்காலத்தில் பல ரகங்களுக்குத் தாய் தந்தையாக அமைந்தது. இன்று ஒரு முதுநிலை மாணவி நெல்லின் வம்சாவளியைத் தேடினால், நூறாண்டுக்கு முந்தைய அறிக்கைகள்வரை போயாக வேண்டும். வேளாண் நூலகத்தில் பழைய தாள்களைக் கழித்துவிட முடியாததற்குக் காரணம் இதுதான்.

திறந்த அலமாரி

இந்தியப் பல்கலைக்கழக நூலகங்களுக்கு வடிவம் கொடுத்தவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்தவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். லண்டன் சென்று பயின்று திரும்பியதும், பூட்டிய பீரோவுக்குள் இருந்த நூல்களை வாசகர் தாமே எடுத்துப் பார்க்கும் நிலைக்குக் கொண்டுவந்தார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினார். வாசகரின் கேள்வியைக் கேட்டு வழிகாட்டும் பார்வைநூல் சேவையை முறைப்படுத்தினார். நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இலும் கோலன் பகுப்பு முறையை 1933இலும் வெளியிட்டார். அந்தப் பகுப்பில் வேளாண்மைக்கு ‘ஜே’ என்ற ஆங்கில எழுத்தே அடையாளம்.

உலகில் மிகுதியாகப் புழங்கும் டூயி தசமப் பகுப்பில் வேளாண்மை 630. அதைப் பின்பற்றும் நூலகத்தில் அலமாரி வரிசையோடு நடந்தாலே துறையின் உள்கட்டு புரிந்துவிடும். 631.4இல் மண். 632இல் பயிர்நோயும் பூச்சியும். 633இல் வயற்பயிர்கள், அதனுள் 633.18 நெல். 634இல் பழமரங்கள், 635இல் காய்கறித் தோட்டம், 636இல் ஆடு மாடு. 638இல் தேனீயும் பட்டுப்புழுவும். முதலாண்டு மாணவர் ஒருவர் நெல் பற்றிய நூலைத் தேடி 633.18க்கு வரும்போது, பக்கத்திலேயே கோதுமையும் சோளமும் கண்ணில் படும். தேடி வந்ததைவிடப் பயனுள்ள நூல் அடுத்த தட்டில் கிடைப்பது திறந்த அலமாரியால் விளைந்த நன்மை.

மதுரையும் ஒத்தக்கடையும்

மதுரைக்கு நூல் சேர்க்கும் மரபு புதிதல்ல. பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பாண்டியன் புத்தகசாலையில் ஏடுகளையும் நூல்களையும் திரட்டியது. அமெரிக்கன் கல்லூரியின் டேனியல் பூர் நூலகம் தலைமுறை தலைமுறையாகப் பட்டதாரிகளை வளர்த்தது.

1960களின் நடுவில் உயர்கல்வி இங்கே வேகம் பிடித்தது. 1965இல் வேளாண்மைக் கல்லூரி வந்தது. அடுத்த ஆண்டு மதுரைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதன் முதல் துணைவேந்தர், தமிழறிஞரும் மொழியியலாளருமான தெ.பொ. மீனாட்சிசுந்தரம். இன்று மதுரை காமராசர் பல்கலைக்கழகம் என்று அறியப்படும் அதன் நூலகம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1971இல் கோவைக் கல்லூரியும் மதுரைக் கல்லூரியும் கருவாக அமைய, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவானது. ஒத்தக்கடை வளாகத்தில் மனையியல் கல்லூரியும் சேர்ந்ததால், பயிரோடு ஊட்டச்சத்தும் உணவுப் பதனமும் குழந்தை வளர்ப்பும் நூல் சேகரிப்பில் இடம்பெற வேண்டியதாயிற்று.

அன்றாடச் சேவைகள்

இத்தகைய நூலகத்தின் அன்றாட வேலை இரவல் கவுண்டரில் தொடங்குகிறது. அட்டையைக் காட்டி நூல் எடுப்பது, தவணை கடந்தால் அபராதம் கட்டுவது, படிப்பு முடிந்து போகும்போது ‘நோ டியூ’ கையெழுத்து வாங்குவது எல்லாம் எந்தக் கல்லூரியிலும் உள்ளவை. பார்வைநூல் பகுதியில் அகராதிகள், புள்ளிவிவரக் கையேடுகள், பயிர்ப் பாதுகாப்பு நூல்கள் இருக்கும். இவற்றை வெளியே கொண்டுபோக முடியாது. இதழ்ப் பகுதியில் நடப்பு இதழ்கள் ஒரு பக்கம், ஆண்டுவாரியாகப் பைண்டு செய்த பழைய தொகுதிகள் மறுபக்கம். தேர்வுக் காலத்தில் பாடநூல் வங்கியும் படிப்பறையும் நிரம்பி வழியும்.

ஆராய்ச்சி மாணவருக்குத் தேவை வேறு. தம் தலைப்பில் உலகில் யார் என்ன செய்திருக்கிறார்கள் என்பதை அவர் முதலில் அறிய வேண்டும். அதற்கான வழி நீண்ட காலம் சுருக்க இதழ்களாக இருந்தது. காமன்வெல்த் வேளாண் அமைப்பான கேபி வெளியிட்ட தடித்த தொகுதிகளைப் புரட்டி, பொருத்தமான கட்டுரைகளைக் காகிதத் துண்டுகளில் குறித்துக்கொண்டு, அந்த இதழ் எந்த ஊர் நூலகத்தில் இருக்கிறதென்று விசாரித்துக் கடிதம் எழுதுவார்கள். ஜெராக்ஸ் நகல் தபாலில் வந்து சேரும். ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு 1970களில் தொடங்கிய அக்ரிஸ் தரவுத்தளம் இந்தத் தேடலைக் கணினிக்குக் கொண்டுபோனது.

ஆய்விதழ்களின் விலை

இதழ்களின் சந்தா ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போனது. ஒரு கல்லூரி தனியாக வாங்கக்கூடிய இதழ்கள் சுருங்கின. இதற்கு விடையாக, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.ஏ.ஆர்.) 2007இல் ‘செரா’ என்னும் மின்னிதழ்க் கூட்டமைப்பை ஏற்படுத்தியது. ஒரே சந்தாவில் நாட்டின் வேளாண் பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி நிலையங்களும் பங்கு பெற்றன. தில்லியில் ஒருவர் படிக்கும் இதழை ஒத்தக்கடை போன்ற வளாகத்தில் இருப்பவரும் அதே நாளில் படிக்கலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

அடுத்த பெரிய அடி ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம். மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தது. மூன்றாண்டுகளுக்கு ரூ.6,000 கோடி ஒதுக்கீடு. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். மத்திய, மாநில அரசுகளின் 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இதன் கீழ் வருகின்றன. பயன்பாடு 2025 ஜனவரியில் தொடங்கியது. மாவட்ட ஊரில் உள்ள அரசு கல்லூரி மாணவருக்கும் பெருநகர நிறுவன மாணவருக்கும் இருந்த பெரும் இடைவெளி இதனால் குறைகிறது. அரசு சாராக் கல்லூரிகளும், எந்த நிறுவனத்தையும் சாராத ஆய்வாளர்களும், உழவர்களும் இந்தச் சந்தாவுக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

ஆய்வேடுகள்

ஆய்வேட்டின் கதை இன்னும் முக்கியமானது. ஒரு காலத்தில் தட்டச்சு செய்து, கறுப்புக் காலிக்கோ அட்டை போட்டு, சில படிகள் மட்டுமே உருவாகும். ஒன்று நூலகத்துக்கு, ஒன்று துறைக்கு, ஒன்று வழிகாட்டிக்கு. வைகைப் பாசனத்தைப் பற்றியோ மானாவாரிப் பருத்தியைப் பற்றியோ மூன்றாண்டு உழைத்து எழுதியது, அந்த அலமாரிக்கு நேரில் வந்தவருக்கு மட்டுமே தெரியும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படிகளை ஒப்படைக்க விதி செய்தது. காந்திநகரில் உள்ள நூலக வலையமைப்பு மையமான இன்ஃப்ளிப்நெட் நடத்தும் ‘சோத்கங்கா’ களஞ்சியத்தில் காமராசர் பல்கலைக்கழகம் உட்பட நாட்டின் பல்கலைக்கழகங்கள் அவற்றை ஏற்றுகின்றன. வேளாண் ஆய்வேடுகளுக்கு ஐ.சி.ஏ.ஆர். ‘கிருஷிகோஷ்’ என்னும் களஞ்சியத்தை அமைத்தது. 2013இல் அந்தக் கழகம் திறந்த அணுக்கக் கொள்கையையும் அறிவித்தது. பொதுப்பணத்தில் செய்த ஆராய்ச்சி பொதுமக்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற நியாயம் இதில் அடங்கியிருக்கிறது.

மின்படி வந்ததும் நூலகருக்கு இன்னொரு பொறுப்பு சேர்ந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன், பிறர் எழுத்தை எடுத்தாண்டிருக்கிறார்களா என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனை கட்டாயமாயிற்று. மானியக் குழுவின் 2018 விதிப்படி 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை இருந்தால் திருத்தி மீண்டும் தர வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். மேற்கோளை எப்படிக் குறிப்பது, துணைநூற்பட்டியலை எப்படி அமைப்பது என்று நூலகர்கள் வகுப்பெடுக்கத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்றைய நிலை

வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் அறிவைத் தமிழிலும் தருகிறது. ‘உழவரின் வளரும் வேளாண்மை’ மாத இதழும், தமிழிலும் ஆங்கிலத்திலும் இயங்கும் அக்ரிடெக் இணையதளமும் அடையாள அட்டை கேட்காதவை. 2023 ஜூலையில் மதுரை புதுநத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம், எந்தக் கல்லூரியையும் சேராத வாசகருக்கு நகரிலேயே ஒரு பெரிய இடத்தைத் தந்திருக்கிறது.

எஞ்சியுள்ள பெரிய வேலை, பழைய ஆய்வேடுகளையும் பண்ணை அறிக்கைகளையும் மின்வடிவாக்குவது. மின்படி விதிக்கு முந்தையவை காகிதத்தில் பிறந்தவை. கரையானும் ஈரமும் அந்தக் காகிதத்துக்குப் பகை. அரை நூற்றாண்டுக்கு முன் மதுரைச் சமவெளியில் எந்தப் பயிர் எந்த மழையில் நின்றது என்ற விவரம், காலநிலை மாறிவரும் இந்நாளில் ஆராய்வோருக்கு நேரடியாகத் தேவைப்படுகிறது. அதை வருடிப் பதிவேற்றத் தனி நிதியும் பயிற்சி பெற்ற ஆட்களும் ஒதுக்கப்பட வேண்டும்.